பள்ளி விடும் பிள்ளையும் குடும்பப் படியும்

அச்சுவேலிச் செம்பாட்டு நிலத்தில் துலாவினால் நீர் இறைத்த காலத்திலே, ஓர் இறைப்புக்கு மூவரேனும் வேண்டியிருந்தனர். ஒருவர் கிணற்றடியில் நின்று பட்டை பிடிப்பர். ஒருவர் துலாவின் மேலேறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். மற்றொருவர் தோட்டத்திலே நின்று, வாய்க்காலை வெட்டியும் கட்டியும் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றுவர். தண்ணீர் மாறுதல் சிறுவருடைய வேலை. துலா மிதித்தல் காலிற் பலம் ஏறியவருடைய வேலை. விடியுமுன் எழுந்து புகையிலைக்கன்றுக்குத் தண்ணீர் மாறிவிட்டுப் பள்ளிக்கூடம் சென்ற பையன், பதின்மூன்று பதினான்கு வயதளவில் துலாவில் ஏறுவான். அன்று தொடக்கம் அவன் வீட்டிற்கு ஓர் ஆள். கூலிக்குப் பிடிக்கவேண்டிய ஓர் ஆளைக் குறைத்தவன். பிள்ளை எந்த வயதிற் பள்ளியை விடலாம் என்று சட்டம் சொல்லுமுன்னரே தோட்டம் சொல்லிவிட்டது எனலாம்.

இந்த வயதிலே அரசாங்கம் ஒரு குடும்பத்துக்குக் கொடுப்பது எங்ஙனம் மாறுகிறது என்பது, நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாக விடைபெற்ற வினா. இங்கிலாந்திலே விடை தெளிவானது. எலினர் ராத்போன் என்னும் அம்மையார் 1924ஆம் ஆண்டில் ஒரு நூலெழுதி, சம்பளம் என்பது பிள்ளைகளின் தொகையை அறியாது என்றும், ஆதலாற் பிள்ளைகளுக்கென்றே தாயின் கையில் ஒரு தொகை கொடுத்தல் வேண்டும் என்றும் வாதாடினார். 1942இல் வெளிவந்த பெவரிட்ஜ் அறிக்கை அதனை ஏற்றது. 1945இல் குடும்பப் படிச் சட்டம் நிறைவேறியது. 1946 ஆகஸ்ட் 6ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, தபாற்கந்தோர்களில் முதற்படி வழங்கப்பட்டது. முதற்பிள்ளைக்கு ஒன்றுமில்லை, இரண்டாம் பிள்ளை தொடக்கம் ஒவ்வொன்றுக்கும் கிழமைக்கு 5 சிலிங். தந்தைக்கே கொடுப்பதென்று மசோதாவில் முதலில் இருந்ததை மாற்றுவித்துத் தாய்க்குக் கொடுப்பித்ததும் அந்த அம்மையாரின் விடாப்பிடியே. சட்டம் நிறைவேறியதைக் கண்டு, முதற்படி வழங்கப்படுவதைக் காணாமல், 1946 ஜனவரியில் அவர் காலமானார்.

அந்தச் சட்டத்தின்படி பிள்ளை என்பவர் யார்? கட்டாயக் கல்வி வயதைக் கடவாதவர் பிள்ளை. கடந்தபின்னும் முழுநேரம் படிப்பவராயினும், சொற்ப கூலியிலே தொழில் பழகுபவராயினும், 16 வயது நிறைந்தபின் வரும் ஆகஸ்ட் முதலாந் திகதி வரை பிள்ளையே. வேலைக்குச் சென்றவரோ, வயது ஒன்றாயிருப்பினும் பிள்ளையல்லர். பின்னர் 1956இல் படிப்பவர்க்கு இவ்வெல்லை 18 ஆயிற்று. 1964இல் 19 ஆயிற்று. 2006 தொடக்கம், குறித்த நிபந்தனைகளோடு, 20 ஆயிற்று. பள்ளி விடும் வயதும் 1947இல் 15 ஆகவும், 1972இல் 16 ஆகவும் உயர்ந்தது. பள்ளியும் படியும் ஒரே கயிற்றிற் கட்டப்பட்டவை. ஒன்றை இழுத்தால் மற்றதும் நகர்ந்தது.

இலங்கையில் அத்தகைய கயிறு இருக்கவில்லை. 1939ஆம் ஆண்டிலே அரசாங்க சபைக் காலத்தில் மூன்று சட்டங்கள் தோன்றின. 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், 5 வயது முதல் 14 வயது வரை பிள்ளைகளைப் பள்ளிக்கு வரச்செய்தற்கு இடம் வைத்தது. 48ஆம் இலக்கச் சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டம், 14 வயதுக்குட்பட்டவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16 வரையுள்ளவரை இளைஞர் என்றும் பிரித்தது. அச்சுவேலியில் அமைந்த சான்றுபெற்ற பாடசாலை இச்சட்டத்தின் வழிவந்த நிறுவனம். அதன் மதிலுக்கு உள்ளே பதினாறு என்னும் எண்ணுக்கு வெளியே இல்லாத பொருள் இருந்தது. 30ஆம் இலக்க வறியோர் சட்டம், ஏழைகளுக்கு உதவுவதைப் பெருநகரங்களின் கடமையாக்கியது. மூன்றும் ஓராண்டிற் பிறந்தும் ஒன்றோடொன்று பேசவில்லை. பிள்ளை பள்ளியில் இருக்குமட்டும் வீட்டிற்கு இன்னது கிடைக்கும் என்று எதுவும் கூறவில்லை. நாட்டுப்புறத்து ஆதரவற்றோர்க்குப் பொதுசன உதவிப் பணம் என ஒன்று வழங்கியதுண்டு. அதனை யாழ்ப்பாணத்தார் பிச்சைச் சம்பளம் என்றே அழைத்தனர். அப்பெயரைக் கேட்டே, தகுதியிருந்தும் வாங்க நாணியவர் பலர்.

இலங்கை தெரிந்துகொண்ட வழி வேறு. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. குடும்பத்தின் கையிற் பணம் கொடாது, குடும்பத்திடமிருந்து வாங்கிய பணத்தை விட்டுவிடுதல் என்பதே இதன் முறை. அதற்கு முன் ஆங்கிலக் கல்விக்காக நகை ஈடுவைத்தும், தோட்டத்தை ஒற்றிவைத்தும் மகனொருவனைப் படிப்பித்த வீடுகளுக்கு இது பெரும் பாரத்தை இறக்கிவைத்தது. ஆயினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். சம்பளம் கட்டவேண்டாத பள்ளியிலிருந்து ஒரு பையன் நின்றுவிட்டால் வீட்டிற்குக் காசிழப்பு யாதுமில்லை. துலாவுக்கோ ஓராள் கிடைக்கிறது. இங்கிலாந்துத் தாய்க்கு மகன் படிப்பை விட்டால் கிழமைதோறும் சிலிங் நின்றது. அச்சுவேலித் தாய்க்கு நின்றது ஒன்றுமில்லை. படிப்பித்தால் உத்தியோகம் கிடைக்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே அவளைத் தடுத்தது. அந்நம்பிக்கை யாழ்ப்பாணத்திலே எந்தச் சட்டத்தினும் வலிதாயிருந்தது என்பதற்கு, அச்சுவேலி மத்திய கல்லூரியும் புனித திரேசாள் மகளிர் கல்லூரியும் சரஸ்வதி வித்தியாசாலையும் பிள்ளைகளால் நிரம்பியமையே சான்று.

அரிசிக் கூப்பனோ பள்ளியை அறியாதது. போர்க்காலத்தில் 1942இலே தொடங்கிய பங்கீடு ஆளுக்கு இவ்வளவு என்று அளந்தது. சங்கக்கடையிலே கொத்தினால் அளந்த அரிசி, படிக்கும் மகனுக்கும் படியாத மகனுக்கும் ஒன்றே. பள்ளிக்கென்றே உரியதாயிருந்தது மதிய உணவு ஒன்றுதான். 1953 ஜூலையில், பங்கீட்டரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்திய அரசாங்கம், பள்ளிப்பிள்ளைகளின் மதிய உணவையும் நிறுத்தியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நிகழ்ந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். அரிசி விலை பின்னர் இறங்கியது. 1966 இறுதியில் கூப்பன் அரிசி கிழமைக்கு ஒரு கொத்தாகக் குறைந்து இலவசமாயிற்று. ஹர்த்தாலைப் பற்றி எழுதுவோர் அரிசியைப் பேசுமளவு பிள்ளைகளின் மதிய உணவைப் பேசுவதில்லை.

எழுபதுகளின் முற்பகுதி தோட்டக்காரனுக்கு நல்ல காலம். வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் செம்மண் பொன் விளைந்தது. துலா இருந்த இடத்திலே நீரிறைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. படித்து உத்தியோகமின்றி நின்ற இளைஞரை விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் குடியேற்றிய திட்டங்களும் அக்காலத்தை ஒட்டியவை. 1977இன் பின் இறக்குமதி திறக்கப்பட அந்தக் காலம் முடிந்தது.

அதன்பின், வயதைக் கணக்கிற் கொண்ட உதவி வந்தது. 1979 செப்டெம்பரில் அரிசிக் கூப்பன் ஒழிந்து உணவு முத்திரை தோன்றியது. மாத வருமானம் 300 ரூபாவுக்குட்பட்ட குடும்பங்களுக்கே அது உரியது. ஐவருக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு அவ்வெல்லை சற்று உயர்ந்தது. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மாதம் 25 ரூபா. 8 முதல் 12 வரை 20 ரூபா. அதற்கு மேற்பட்ட யாவர்க்கும் 15 ரூபா. மண்ணெண்ணெய்க்கென வீட்டுக்கு 9 ரூபா 50 சதம் பெறுமதியான முத்திரை வேறு.

இந்தப் படிக்கட்டைச் சற்று நின்று பார்த்தல் தகும். இங்கிலாந்திலே படிக்கும் பிள்ளைக்கு வயது ஏறியும் படி தொடர்ந்தது. இங்கே வயது ஏற ஏற உதவி இறங்கியது. குழந்தைக்குப் போஷாக்கு முதன்மையானது என்னும் எண்ணத்தில் தவறில்லை. ஆயினும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பையன் வீட்டில் எல்லோரினும் அதிகமாக உண்பான் என்பதை எந்தத் தாயிடமும் கேட்டு அறியலாம். தங்கை ஏழு வயதினள், அண்ணன் பதின்மூன்று வயதினன் எனக் கொள்வோம். அவள் பேரில் 25 ரூபா. அவன் பேரில் 15 ரூபா. பள்ளியை விடலாமா என்று வீடு யோசிக்கும் அந்த ஆண்டிலேதான் அவன் பங்கு மிகத் தாழ்ந்திருந்தது. அவன் பள்ளியை விட்டுக் கூலிக்குப் போனாலோ, அவன் கூலியும் குடும்ப வருமானமே. விதியின்படி நோக்கின், அது எல்லையைத் தாண்டச்செய்தால் தங்கையின் 25 ரூபாவும் போகும். படித்தாற் குறைவு, உழைத்தால் இழப்பு. வருமானத்தைக் குடும்பத்தவரே எழுதிக்கொடுத்தபடியாலும், எழுதியதைச் சோதிப்பார் அரிதாகையாலும், விதியின் கூர்மை நடைமுறையில் மழுங்கிற்று. முத்திரையின் எண் மாறாதிருக்க விலைவாசி ஏறியமையால் அதன் பெறுமதியும் சில ஆண்டுகளுள் ஏறத்தாழப் பாதியாயிற்று.

பின்வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் சீருடைத் துணியும் பள்ளிப்பிள்ளைகளுக்கு வந்தன. 1989இல் ஜனசவியவும் 1995இல் சமுர்த்தியும் தோன்றின. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தார் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தபொழுது, குடும்ப அட்டையில் எழுதிய ஆட்டொகையே அளவாயிற்று. யார் எந்த வகுப்பில் என்று கேட்பாரில்லை.

அச்சுவேலியிலிருந்தும் அயலூர்களிலிருந்தும் இங்கிலாந்து சென்றோர், அங்கே அந்தப் பழைய கயிற்றைக் கண்டனர். 1977 தொடக்கம் குடும்பப் படி பிள்ளைப் படியாக மாறி முதற்பிள்ளைக்கும் உரியதாயிற்று. பிள்ளைக்குப் பதினாறாகும் காலத்தில் வரியிலாகாவிலிருந்து தாய்க்கு ஒரு கடிதம் வரும்: மகன் தொடர்ந்து படிப்பானா? மறுமொழி அனுப்பாவிடிற் பதினாறு நிறைந்தபின் வரும் ஆகஸ்ட் 31ஆந் திகதியோடு படி நின்றுவிடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆகஸ்ட் 30இற் பிறந்த பிள்ளைக்குப் பதினாறு நிறைந்த மறுநாளே எல்லை. செப்டெம்பர் 1இற் பிறந்த பிள்ளைக்கு இன்னும் ஓராண்டு. இரண்டு நாளில் ஓராண்டு வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் மகன் படிப்பானா என்று அரசாங்கம் கேட்டதில்லை, அயலவர்தாம் கேட்டனர். அக்கடிதத்தைப் பெற்ற தாய்மார் சிலருக்கு அக்கேள்வியே விநோதமாய்த் தோன்றியிருத்தல் கூடும்.

இலங்கையிலே 1939இன் சட்டத்துக்கு ஏற்ற கட்டாய வருகை விதிகள் 1997இல் இயற்றப்பட்டு, 1998 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. 58 ஆண்டுகள் அச்சட்டம் விதியின்றிக் காத்திருந்தது. 2016இல் எல்லை 16 ஆயிற்று. 1956ஆம் ஆண்டுச் சட்டம் வேலைக்கு வைத்த 14 வயதெல்லையோ 2021 வரை மாறவில்லை. ஆகவே அந்த ஐந்தாண்டும், பதினைந்து வயதினன் பள்ளியிலிருத்தல் வேண்டும் என்று ஒரு சட்டமும், வேலைக்கு வைக்கலாம் என்று மற்றொரு சட்டமும் கூறின.

2023இல் தொடங்கிய அஸ்வெசும, வீட்டின் நிலையைக் கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்னும் ஆறு வகையில் அளந்து, குடும்பத்துக்கு மொத்தமாக ஒரு தொகையை வகுத்தது. தொடக்கத்தில் அது வறுமையின் படிநிலைக்கேற்ப மாதம் 2,500 ரூபா முதல் 15,000 ரூபா வரை இருந்தது. பிள்ளைக்கென்று தனிப் பங்கு அதிலில்லை. ஆனால் 2025ஆம் ஆண்டுக் கல்விக்கென, அஸ்வெசும பெறும் குடும்பங்களின் பள்ளிப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கொப்பி முதலியன வாங்க 6,000 ரூபா வழங்கப்பட்டது. பள்ளியிலிருப்போர்க்கு உண்டு, விட்டோர்க்கு இல்லை. தொகை சிறிது; ஆண்டுக்கொருமுறை வருவது. ஆயினும் ராத்போன் அம்மையார் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்ளக்கூடிய கயிற்றின் ஓர் இழை அது.

அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போரின் பின் இந்திய உதவியோடு மீளமைக்கப்பட்டுள்ளது. அங்கே பதினாறு நிறையாத ஒருவரை இன்று வேலைக்குச் சேர்க்கமுடியாது. செம்பாட்டு நிலத்திலே புகையிலைக்கு நீர் பாயும் காலையில், தகப்பனுக்கு உதவியாக வாய்க்காலை மாற்றிவிட்டுச் சீருடை அணிந்து செல்லும் பையனைக் குறித்துச் சட்டம் ஒன்றும் சொல்வதில்லை. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை முடிந்தபின் அவன் வீட்டிற்கு எந்தக் கடிதமும் வருவதில்லை.