ஐயரம்மா

போன வருடக் கடைசியில் எங்கள் தேவாலயச் செயலாளர் வாட்சாப்பில் ஒரு வேலை கொடுத்தார். தோட்டத்துச் சிற்றாலயத்தில் தாத்தாவுக்கு ஒரு நினைவுப் பலகை வைக்கிறார்களாம். "நாலு வரி எழுதிக் குடுங்க தம்பி. எழுத்துக்கு இவ்வளவு வெள்ளின்னு கணக்கு, அதனால சுருக்கமா."

தாத்தா ஜொகூரில் ஒரு கித்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று, அதன்பின் பத்தொன்பது வருடம் சம்பளமில்லாத உபதேசியாராக அதே தோட்டத்துக்குப் போய்வந்தார். பிறந்த ஆண்டு, ஊழியம் தொடங்கிய ஆண்டு, மறைந்த ஆண்டு என்று பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். நான் ஸ்கூடாயில் சிவில் படித்தவன். விவரக் குறிப்பு எழுதுவது கை வந்த வேலை. பாட்டியிடம் படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குய்யா," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கஞ்சிப் பானை இன்னும் அங்கதான் கெடக்கா?" என்று கேட்டார்.

அப்போதுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கும் சாமான்களோடு தாத்தாவுடன் பஸ் ஏறியவர் பாட்டி. வருகைப் பதிவேட்டை எழுதியவர், லயத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர், யார் வீட்டில் காய்ச்சல் என்று கதவு தட்டிப் பார்த்தவர், எல்லாம் பாட்டிதான். தோட்டத்தில் அவரை 'உபதேசியாரம்மா' என்பார்கள். அதுகூட தாத்தாவின் பட்டத்தில் ஒரு ஒட்டு. என் நாலு வரியில் அந்த ஒட்டும் இல்லை.

அதே வாரத்தில் வேறு ஒரு காரணத்துக்காக ராபர்ட் கால்டுவெல்லைப் படித்துக்கொண்டிருந்தேன். நம்மில் பெரும்பாலோருக்கு அவர் ஒரு புத்தகம்: 1856இல் லண்டனில் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். இன்னும் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு ஒரு சிலை: 1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினாவில் வைத்தது. (முதல் மாநாடு 1966இல் நம் கோலாலம்பூரில் நடந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.) அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வரும்: 1844இல் எலைசா மால்ட்டை மணந்தார், ஏழு குழந்தைகள். அடுத்த வரியில் மறுபடியும் இலக்கணம். முன்பு பலமுறை கடந்துபோன வரிதான். இந்த முறை அங்கேயே நின்றுவிட்டேன்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சீர்திருத்தச் சபைகளில் போதகரை 'ஐயர்' என்று அழைக்கும் வழக்கம் இருந்தது. போப் ஐயர், கால்டுவெல் ஐயர். போதகரின் மனைவி ஐயரம்மா. பட்டம் அவருடையதில்லை. ஆனால் அந்தப் பட்டத்துக்குள் முழுநேர வேலை ஒன்று இருந்தது.

எலைசாவின் கதை கால்டுவெல்லோடு தொடங்கவில்லை, நாகர்கோவிலில் தொடங்குகிறது. அவருடைய பெற்றோர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இருவரும் லண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் 1819இல் அங்கே வந்து, 1854 வரை முப்பத்தைந்து வருடம் இருந்தார்கள். வந்த கொஞ்ச காலத்திலேயே மார்த்தா பெண்பிள்ளைகளுக்குத் தங்கிப் படிக்கும் பள்ளியும், அதோடு லேஸ் பின்னும் வகுப்பும் தொடங்கிவிட்டார். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை சட்டப்படியே இருந்தது. 1855இல்தான் ஒழிந்தது. லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்து அடிமைச் சாதிப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்பது அந்த மிஷன் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் செய்தி.

இந்த லேஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் இதில் ஒரு வார இறுதியைத் தொலைத்தேன். திண்டு மாதிரி இறுக்கமான ஒரு தலையணை. அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாள். துளைகளில் குண்டூசிகள். நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கை செய்வது இரண்டே அசைவுதான்: ஒரு நூலை இன்னொன்றின் குறுக்கே போடுவது, ஒன்றோடு ஒன்றை முறுக்குவது. எவ்வளவு சிக்கலான பூவேலையானாலும் இந்த இரண்டின் வரிசைதான். இரண்டே குறிகளில் எல்லாவற்றையும் எழுதிவிடும் நம் கணினிக்காரர்கள் கொஞ்சம் தலைகுனியலாம். ஆனால் வரிசையில் ஒன்று தப்பினால் பிரித்துத்தான் ஆக வேண்டும். இதைச் சொல்லிக் கொடுப்பவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், நாள் முழுவதும், வருடக்கணக்கில்.

அதே நாகர்கோவிலில்தான் தோள்சீலைப் போராட்டமும் நடந்தது. கிறிஸ்தவரான நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததற்காக 1820களில் தாக்கப்பட்டார்கள். அவர்கள் அணிந்த தளர்வான குப்பாயத்தை வடிவமைத்ததில் மார்த்தாவுக்கும் மிஷனின் இன்னொரு போதகர் மீடின் மனைவிக்கும் பங்கு உண்டு. 1829இல் அரசாணை வந்தபோது 1822இல் பிறந்த எலைசா சின்னப் பெண். துணி என்பது அந்த வீட்டில் வெறும் கைவேலை இல்லை என்பதை அவர் பார்த்தே வளர்ந்திருப்பார். தமிழும் அப்படித்தான். கால்டுவெல் 1838இல் சென்னையில் இறங்கிய பிறகு உட்கார்ந்து கற்ற மொழி, எலைசாவுக்குக் காதில் விழுந்து வந்த மொழி.

கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து நடந்தே தெற்கே வந்து, நீலகிரியில் குருப்பட்டம் பெற்று, இடையன்குடியில் தங்கினார். இந்த நடை எல்லோருக்கும் பிடித்த காட்சி. நானும் பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு ஊரில் போய்ச் சேர்வது வேறு, அங்கே நாற்பது வருடம் குடியிருப்பது வேறு.

இடையன்குடி தேரிக்காட்டு ஊர். சிவப்பு மணல், பனை, காற்று. பருவத்தில் ஆண்கள் காலையிலும் மாலையிலும் பனையேறுவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைப் பெண்கள் அன்றைக்கே காய்ச்சிக் கருப்பட்டியாக்க வேண்டும். வைத்தால் புளித்துவிடும். விறகு பொறுக்க, அடுப்புக்கு முன்னால் உட்கார, தம்பி தங்கையைப் பார்க்க வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் கை. இந்த ஊரில் போய் "உங்க பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்க" என்றால் ஒரு குடும்பத்தின் உழைப்பில் ஒரு பங்கைக் கேட்பதாக அர்த்தம். பிரசங்கத்தால் அதற்கு ஈடு கட்ட முடியாது.

எலைசா செய்தது அம்மா செய்ததையேதான்: சோறும் துணியும் கொடுத்துத் தங்கவைக்கும் பள்ளி, அதில் லேஸ். பிள்ளையின் நேரம் காசாக மாறும் ஒரு வழி. இடையன்குடி லேஸ் தனிப் பெயரெடுத்தது. அந்த லேஸ் வகுப்பு அவ்வூர்ப் பெண்கல்வியின் கைவேலைப் பிரிவு இல்லை, கடைக்கால் என்றுதான் எனக்குப் படுகிறது. கட்டடத்தைப் பார்க்க வருகிறவன் கடைக்காலைப் பார்ப்பதில்லை. அது மண்ணுக்குள் இருக்கிறது.

அந்த வீட்டின் நாள் எப்படிப் பிரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஐயருக்கு ஆராதனை, உபதேசியார்களின் கூட்டம், சுற்றுக் கிராமங்கள், நிலத் தகராறு, வரவுசெலவுக் கணக்கு, இவற்றுக்கு நடுவே நூல்கள். ஐயரம்மாவுக்கு விடுதிச் சமையல், பாடம், லேஸ் தலையணைகள், வாசலில் வந்து நிற்கும் பெண்கள், சொந்தப் பிள்ளைகள் ஏழு. அவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்த நேரம் அச்சாகி நம்மிடம் வந்திருக்கிறது. இவருடைய நேரம் அன்றன்றே செலவாகிவிட்டது. சங்கங்களின் கணக்கில் மனைவிக்குத் தனிச் சம்பளம் கிடையாது, ஊழியர் பட்டியலில் பெயரும் கிடையாது. ஒரு சம்பளத்துக்கு இரண்டு ஆள். கால்டுவெல் சேர்ந்திருந்த எஸ்.பி.ஜி. சங்கம் பெண்கல்விக்கென்று ஒரு மகளிர் அமைப்பைத் தொடங்கியதே 1866இல். எலைசா வேலையைத் தொடங்கி அப்போது இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் 1849ஐத் தாண்டிப் போக மனசு வரவில்லை. அந்த வருடம் கால்டுவெல் தன்னைச் சுற்றியிருந்த சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'திருநெல்வேலிச் சாணார்கள்.' அவர்களுடைய அறிவையும் ஒழுக்கத்தையும் மேலிருந்து பார்த்து எடைபோட்ட நூல். பின்னாளில் அச்சமூகத்தினர் கொதித்தெழுந்தார்கள். நியாயமான கோபம். எட்டு வருடம் அந்த ஊரில் வாழ்ந்த ஒருவர் எப்படி இதை எழுதினார் என்று வியக்கிறேன். அவர் எழுதிய பனையேறிகளின் மகள்கள் அதே வீட்டு வளாகத்தில் அந்த இரண்டு அசைவுகளை வைத்து உலகத்துக்கு விற்கும் லேஸைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். எலைசாவையும் இதிலிருந்து முழுக்க விடுவித்துவிட முடியாது. அவரும் அதே வீடு, அதே காலம். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கிறவர் பார்க்கும் தூரமும் மேசையிலிருந்து பார்க்கும் தூரமும் ஒன்றில்லை.

எனக்கு அதிகம் பிடித்தது அவர்களுடைய முதுமைக் காலம்தான், அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 1877 மார்ச்சில் கல்கத்தாவில் கால்டுவெல் துணை ஆயராக அபிஷேகம் செய்யப்பட்டபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. ஓய்வு பெறும் வயதில் பெரிய பொறுப்பு. அதே நேரம் தாது வருடப் பஞ்சம். பசியோடும் நம்பிக்கையோடும் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் வந்து சேர்ந்தார்கள். எது பசி, எது நம்பிக்கை என்று பிரித்துக் கேட்கும் உரிமை வயிறு நிறைந்த நமக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

1847இல் அடிக்கல் நாட்டிய இடையன்குடி ஆலயம் 1880இல்தான் திறக்கப்பட்டது. முப்பத்துமூன்று வருடம்! எங்கள் தொழிலில் மூன்று மாதத் தாமதத்துக்கே அபராதக் கடிதம் வரும். அடிக்கல் நாட்டியபோது இருபத்தைந்து வயதான எலைசாவுக்குத் திறப்பன்று ஐம்பத்தெட்டு.

திறந்து மூன்றே வருடத்தில், 1883இல், இருவரும் ஊரைவிட்டுத் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்கள். காரணம் பொறியாளனுக்குப் புரியும் காரணம். தூத்துக்குடிக்கு 1876இலேயே ரயில் வந்துவிட்டது, துறைமுகம் இருந்தது, கல்லூரியையும் அங்கே கொண்டுவந்தார்கள். மாவட்டத்தின் மூலையிலிருந்த தேரிக்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஓர் ஆயர் ஊர் ஊராகப் போய்வர முடியாது. சரிதான். ஆனால் எழுபதை நெருங்கும் கிழவரும் அறுபதைத் தாண்டிய மனைவியும் நாற்பது வருட வீட்டைப் பூட்டுகிறார்கள். பூட்டும்போது லேஸ் தலையணைகளில் எதை எடுத்துக்கொண்டார், எதை விட்டுப்போனார்? தாத்தா ஊழியத்தை நிறுத்தியபோது பாட்டி கஞ்சிப் பானையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிகிறது.

கால்டுவெல் 1891 ஜனவரியில் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிலிருந்து இறக்கி இடையன்குடிக்குக் கொண்டுவந்து, முப்பத்துமூன்று வருடம் கட்டிய அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய நினைவுக் குறிப்புகளை மருமகன் வயாட் தொகுத்து 1894இல் வெளியிட்டார். அந்தப் புத்தகம் வந்தபோது எலைசா உயிரோடுதான் இருந்தார். அவர் இறந்தது 1899இல். அவருடைய நினைவுகளைத் தொகுத்த புத்தகம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

பாட்டியிடம் இதையெல்லாம் ஒரு சாயங்காலம் சொன்னேன். லேஸ் பகுதியை மட்டும் கவனமாகக் கேட்டார். எத்தனை கட்டை, ஊசி துருப்பிடிக்காதா, வியர்வைக் கையில் நூல் கறுத்துவிடுமே என்று கேள்விகள். எனக்குப் பதில் தெரியவில்லை. பலகையில் அவர் பெயரையும் போடப்போவதாகச் சொன்னதும், "எனக்கெதுக்குய்யா, தாத்தா பேரு போட்டா போதாதா?" என்றார். பிறகு, "போடுறதுன்னா உபதேசியாரம்மான்னு போடாத. பேரைப் போடு," என்றார்.

திருத்திய வரிகளைச் செயலாளருக்கு அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: "தம்பி, பதினோரு எழுத்து கூடுது. பரவால்ல, பார்த்துக்கலாம்."