திடலின் வாயிலில் நின்றவர்கள்

இங்கிலாந்தில் கால்பந்தாட்டம் உழைக்கும் மக்களின் ஆட்டம். வாரமெல்லாம் ஆலைகளில் பாடுபட்டோர் சனிக்கிழமை பிற்பகலில் தத்தம் ஊர் அணியின் ஆட்டத்தைக் காணத் திரள்வது நூறாண்டு கடந்த வழக்கமாகும். அத்திரளுக்குள் நிறவெறி என்னும் நோய் புகுந்ததையும், அதனை எதிர்த்து முதலில் எழுந்தவர் யாவர் என்பதையும் லீட்ஸ் நகரின் வரலாறு நமக்குக் காட்டுகிறது.

நிறவெறியைச் சட்டமாகவே வைத்திருந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆல்பர்ட் ஜொஹான்சன் என்ற கறுப்பர், 1965ஆம் ஆண்டுக் கோப்பை இறுதியாட்டத்தில் அந்நகரின் அணிக்காகவே ஆடினார். அவ்வணியின் எல்லண்ட் ரோடு திடலிலேயே 1980களில் கறுப்பின ஆட்டக்காரர்களை நோக்கிக் குரங்கொலி எழுப்பி இழிவு செய்தனர். 'நேஷனல் ஃபிரண்ட்' என்னும் வெள்ளை இனவாதக் கட்சியினர் வாயிலில் நின்று தம் ஏடுகளை விற்று, இளைஞர்களைத் தம்பால் ஈர்த்தனர்.

இதனைப் பொறாத ரசிகர் சிலர் 1987இல் தொழிற்சங்கத்தாரின் துணையுடன், இனவெறிக்கும் பாசிசத்திற்கும் எதிராக ஓர் அமைப்பைக் கண்டனர். அதிகாரமோ பெரும்பொருளோ அவர்களிடம் இல்லை. கட்சியினர் ஏடு விற்ற வாயிலிலேயே நின்று துண்டறிக்கைகள் வழங்கினர்; 'மார்ச்சிங் ஆல்டுகெதர்' என்னும் சிற்றேட்டை நடத்தினர். வெளியார் வந்து ஓதிய அறிவுரையன்று அது. ஒரே அணியை நேசித்தவர், தம் பக்கத்தில் நின்றவரிடம் கூறிய சொல். நாளடைவில் கழகத்தாரும் இனவெறியை வெளிப்படையாகக் கண்டித்தனர்.

சட்டம் அதன் பின்னரே வந்தது. 1991ஆம் ஆண்டுச் சட்டம் திடலில் இனவெறி முழக்கமிடுவதைக் குற்றமாக்கிற்று. ஆயினும் முழக்கம் என்பதற்கு, பிறரோடு சேர்ந்து எழுப்புவது என்றே அது பொருள் வரையறுத்தது. எனவே தனியொருவன் எத்துணை இழிவாகக் கூவினாலும் அச்சட்டத்தின் பிடியில் அகப்படவில்லை. ஒரு சொல்லின் பொருளில் நேர்ந்த இக்குறை 1999இல்தான் திருத்தப்பெற்றது. இதற்கிடையில், 1993இல் இனச் சமத்துவ ஆணையமும் ஆட்டக்காரர் சங்கமும் இணைந்து நாடளாவிய இயக்கத்தைத் தொடங்கின. அதுவே 1997 முதல் 'கிக் இட் அவுட்' என்னும் தனி அமைப்பாயிற்று.

நோய் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. 2021இல் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் பெனால்ட்டி வாய்ப்பைத் தவறவிட்ட மூன்று கறுப்பின இளைஞர்மீது கைபேசி வழியே வசைமாரி பொழிந்தனர். திடலில் கூட்டத்துள் மறைந்து கூவியவன் இன்று திரைக்குப் பின் மறைந்து எழுதுகிறான். சட்டம் அவனைத் தண்டிக்கலாம். ஆனால் அருகிலிருப்பவன் "இது தகாது" என்று சொல்லும்போதுதான் அவன் நாணுவான். லீட்ஸ் ரசிகர்கள் வாயிலில் நின்று செய்தது அதனையே.