துப்பாக்கியில் வெட்டிய பெயர்

பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவை ஒரு நாள் இறக்கிப் பாருங்கள். விளிம்பில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பக்கத்திலேயே, சீராக வந்தபோது வெட்டிய அம்மாவின் பெயரும் இருக்கலாம். யாருடைய பாத்திரம், பிறகு யார் கைக்குப் போனது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். பழைய ராணுவத் துப்பாக்கிகளும் அப்படித்தான்.

எனக்கு இந்த ஆர்வம் வந்தது கல்லூரி என்.சி.சி.யில். 1970களில் அணிவகுப்புக்கு எங்களுக்குக் கொடுத்தது பழைய .303 லீ-என்ஃபீல்டு. கிட்டத்தட்ட நாலு கிலோ. வெயிலில் எட்டு கிலோ. கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் வலப்பக்கம் ஒரு கிரீடம். அதன் கீழே ஆங்கிலத்தில் ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942. 'வெள்ளைக்காரன் துப்பாக்கி' என்றே மூன்று வருஷமும் சொல்லித் திரிந்தோம். இஷாப்பூர் இங்கிலாந்தில் ஏதோ ஊர் என்று நினைத்தவனும் எங்களில் ஒருவன் உண்டு. நான்தான்.

இஷாப்பூர் இருப்பது வங்காளத்தில், ஹூக்ளிக் கரையில். அங்கே அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 1904இல் தொடங்கியது. இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியில் ஜி.ஆர். மட்டும் இருக்கும், ஜார்ஜ் மன்னர் என்று பொருள். கடைசியில் ஒரு 'ஐ' சேர்ந்தால் மன்னர், பேரரசரும் ஆகிவிடுகிறார். இந்தியாவுக்குத்தான் அவர் பேரரசர். கிரீடம் அவருடையது, கடைசல் பிடித்ததும் கட்டை செதுக்கியதும் நம் ஊர்க்காரர்கள். அந்த ஒற்றை எழுத்தைப் படிக்கத் தெரியாமல்தான் அவர்கள் வேலையை இங்கிலாந்துக்குத் தாரை வார்த்திருந்தேன்.

பிரிட்டிஷ் அரசுப் பொருள்களில் இன்னொரு குறி உண்டு: காக்கைக் கால் போல மூன்று கோட்டில் ஒரு அம்பு. துப்பாக்கிக்கு என்று வந்ததல்ல இது. கப்பல் கயிறு, பீரங்கி, கைதிகளின் உடை என்று எல்லாவற்றிலும் போட்டார்கள். அமெரிக்கா காலனியாக இருந்தபோது, கப்பல் பாய்மரத்துக்கு ஆகும் பருத்த பைன் மரங்களில் கோடரியால் மூன்று வெட்டு வெட்டி, 'இது மன்னர் மரம்' என்றார்கள். 1772இல் நியூ ஹாம்ப்ஷயரில் அதற்காகக் கலவரமே நடந்தது.

அம்புக்கு இவ்வளவு மரியாதை ஏன்? 1698இல் வந்த ஒரு சட்டம்தான். அம்புக்குறி போட்ட அரசுப் பொருள் ஒருவர் வீட்டில் கிடைத்தால், அவர் திருடியதை யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை. எப்படி வந்தது என்று அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். நம் சங்கத்து நாற்காலிகளின் முதுகில் பெயர் எழுதியிருப்பதற்கும் இதே காரணம்தான். ஆனால் அரசே அந்தப் பொருளை விற்றால், வாங்கியவர் மாட்டிக்கொள்வாரே? அதற்காக முதல் அம்பின் முனைக்கு எதிராக, முனையோடு முனை சேர இன்னொரு அம்பை அடித்தார்கள். 'விற்றாயிற்று' என்று அர்த்தம். பார்க்க ஆறு முனை நட்சத்திரம் போல இருப்பதால் பலர் அதை அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். அம்போடு எழுத்து சேர்ந்தால் சொந்தக்காரர் மாறுவார்: 'ஐ' இந்தியா, 'சி' எழுத்துக்குள் அம்பு இருந்தால் கனடா.

எல்லாவற்றையும்விட ஆளைக் குழப்புவது, இரண்டாம் உலகப் போரில் வந்த நான்காம் எண் லீ-என்ஃபீல்டு. துப்பாக்கி பிரிட்டிஷ் வடிவம், சுட்டவர்கள் பிரிட்டிஷ் தரப்புப் படைகள். ஆனால் இடப்பக்கத்தில் 'யு.எஸ். பிராப்பர்ட்டி' என்று இருக்கும். அமெரிக்கப் படை வைத்திருந்து கைமாற்றியது என்று ஊகிப்பதுதான் இயல்பு. அது தவறு. இவற்றைச் செய்தது மாசசூசெட்ஸில் சிக்கோப்பி ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்த சாவேஜ் கம்பெனி. பத்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். போர் நீள நீள, சரக்குக்குக் கொடுக்க பிரிட்டனிடம் பணம் தீர்ந்துகொண்டே வந்தது. 1941 மார்ச்சில் அமெரிக்கா 'லெண்ட்-லீஸ்' சட்டம் போட்டது. ஆயுதத்தை விற்காமல், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பயன்படுத்தக் கொடுத்தது. சாவேஜ் துப்பாக்கி எதுவும் அமெரிக்கப் படையின் ஆயுதம் ஆனதில்லை. ஏட்டில் மட்டும் அமெரிக்கச் சொத்து. கடன் பத்திரத்தை இரும்பிலேயே எழுதிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பொறித்திருக்கும் வருஷம் மொத்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். தேய்ந்த குழலைக் கழற்றிப் புதுக் குழல் போடுவது சகஜம். அதற்குத் தனி வருஷம் இருக்கும். மரக்கட்டையும் மாறியிருக்கலாம்.

நாடு குடியரசான பிறகும் இஷாப்பூரில் லீ-என்ஃபீல்டு செய்தார்கள். கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் ஏறின, துப்பாக்கி அதேதான். உத்தரப் பிரதேசக் காவல்துறை .303க்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்தான்.

என் துப்பாக்கியில் இன்னும் இரண்டு எழுத்து இருந்தது: டி.பி. 'டிரில் பர்ப்பஸ்', அதாவது பயிற்சிக்கு மட்டும், சுடக் கூடாது. அது தெரியாமல் மூன்று வருஷம் வாயிற்காவலில் விறைப்பாக நின்றிருக்கிறேன். நம் குடியிருப்பில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் முதல் துப்பாக்கியில் என்ன எழுதியிருந்தது என்று நினைவிருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடலாம்.