பொழிவும் ஆய்வேடும்: சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையின் ஆய்வு மரபு

முன்னுரை

ஒரு பல்கலைக்கழகத் துறையின் ஆய்வுத் தரத்தை அது வழங்கிய பட்டங்களின் எண்ணிக்கை கொண்டு அளப்பது இன்றைய வழக்கமாக உள்ளது. அத்துறையில் யார் பேசினர், யார் கேட்டனர், கேட்டவர் எழுப்பிய ஐயங்கள் ஆய்வேட்டில் என்ன மாற்றத்தை விளைவித்தன என்பன அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. தென்னிந்திய வரலாற்றாய்வு உருப்பெற்ற காலத்தை நோக்கின், பொழிவும் ஆய்வேடும் ஒன்றையொன்று தாங்கி வளர்ந்தமை புலனாகும். சென்னைப் பல்கலைக்கழக வரலாற்றுத்துறையைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்குவதும், தமிழ்த்துறையினர் இதிலிருந்து பெறவேண்டியதைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையின் தோற்றம்

1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்தும் அமைப்பாகவே இருந்தது. 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் ஆகியவற்றுக்கெனப் பேராசிரியர் பதவி ஏற்பட்டது. அதன் முதற் பேராசிரியர் எஸ்.கிருஷ்ணசாமி ஐயங்கார். அவர் தொகுத்த விஜயநகர வரலாற்று மூலங்கள் 1919இல் பல்கலைக்கழக வரலாற்று வரிசையின் முதல் நூலாக வெளிவந்தது. இரண்டாம் நூல் ஆர்.சத்தியநாத ஐயர் எழுதிய மதுரை நாயக்கர் வரலாறு (1924). இதற்கு முன்னுரையும் குறிப்புகளும் எழுதிப் பதிப்பித்தவர் கிருஷ்ணசாமி ஐயங்காரே. முதலில் மூலங்களைத் திரட்டுதல், பின்னர் அவற்றின் துணையால் இளம் ஆய்வாளரை எழுதச் செய்தல் என்னும் முறை இங்குத் தொடங்கிற்று எனலாம்.

பொழிவு நூலாதல்

அக்காலத்தில் பொழிவு என்பது சடங்கன்று. நூலின் முதல் வரைவு. கிருஷ்ணசாமி ஐயங்கார் 1919இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்த்திய பொழிவுகளே, இந்தியப் பண்பாட்டிற்குத் தென்னிந்தியாவின் கொடை பற்றிய நூலாக 1923இல் அப்பல்கலைக்கழகத்தின்வழி வெளிவந்தன. தமிழ்நாட்டுச் சான்றுகளை அறியாத அவையினர்முன் அவற்றை நிறுவிக்காட்டும் கட்டாயம் அவருக்கு இருந்தது. 1929இல் அவருக்குப்பின் பொறுப்பேற்ற கே.ஏ.நீலகண்ட சாஸ்திரியின் ஸ்ரீவிஜய வரலாறு 1946–47ஆம் ஆண்டின் சர் வில்லியம் மேயர் பொழிவுகளாக அமைந்து, 1949இல் நூலாயிற்று.

ஆய்வேடுகளின் தொடர்ச்சி

நீலகண்ட சாஸ்திரி 1932இல் வெளியிட்ட சோழர் வரலாறும் ஆட்சிமுறையும் பற்றிய ஆய்வுகளில், உத்தரமேரூர்ச் சபையைக் குறித்து விரிவாக ஆராய்ந்தார். முதற் பராந்தகனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதற்கு அடிப்படை. மன்னர் வரிசையைக் கடந்து ஆட்சி, சமூகம், பொருளாதாரம் ஆகியவற்றை வினவும் போக்கு இதனால் வலுப்பெற்றது. கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலை பற்றிய ஏ.அப்பாதுரையின் நூல் (1936), பல்லவர் கால ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய சி.மீனாட்சியின் நூல் (1938), விஜயநகர ஆட்சியும் சமூக வாழ்வும் பற்றிய டி.வி.மகாலிங்கத்தின் நூல் (1940) ஆகியன நான்காண்டு இடைவெளிக்குள் வெளிவந்தன. காலமும் அரசமரபும் வேறாயினும் இவை எழுப்பும் வினாக்கள் ஏறத்தாழ ஒன்றே. தனித்தனி அறைகளில் எழுதப்பெற்றவையாக இவற்றைக் கருத இயலாது.

இவர்களுள் மீனாட்சி (1905–1940) தனித்து நோக்கத்தக்கவர். நீலகண்ட சாஸ்திரியின் நெறிகாட்டலில் ஆய்ந்து 1936இல் பட்டம் பெற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதற் பெண்மணி என அறியப்படுபவர். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சிற்ப வரிசையையும் அதனைச் சார்ந்த எழுத்துப் பொறிப்புகளையும் இணைத்துப் படித்து, இரண்டாம் நந்திவர்மன் அரசுரிமை பெற்ற வரலாற்றை விளக்கிய அவரது ஆய்வு, அவர் மறைந்தபின் 1941இல் இந்தியத் தொல்லியல் துறையின் வெளியீடாக வந்தது. சிற்பத்தையும் ஆவணமாகக் கொள்ளும் துணிவு முப்பத்தைந்து அகவை நிரம்பாத ஓர் ஆய்வாளரிடம் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழரங்கில் வரலாறு

இம்மரபு மறுப்புக்கும் இடம் தந்தது. 1964 சனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அது 1966இல் கோலாலம்பூரில் நடத்திய முதல் மாநாட்டுக் கருத்தரங்கில், நொபொரு கராஷிமா அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரு சோழர்கால ஊர்களைப் பற்றிய ஆய்வை வழங்கினார். பிரமதேயமான ஈசானமங்கலத்தில் தனியார் நிலவுடைமையும், பிரமதேயமல்லாத அல்லூரில் ஊரார் பொதுவுடைமையும் நிலவியதாக அவர் வேறுபடுத்திக் காட்டினார். உத்தரமேரூரும் ஒரு பிரமதேயமே. எனவே அதனைக் கொண்டு எல்லா ஊர்களையும் அறியலாம் என்னும் எண்ணம் தளர்ந்தது. இவ்வாய்வு தமிழறிஞர் அரங்கில் ஒலித்தது என்பது நம் கவனத்திற்குரியது.

தமிழ்த்துறையின் கடன்

மேற்கூறிய நூல்கள் யாவும் ஆங்கிலத்தில் எழுந்தவை. ஆயினும் அவற்றின் சான்றுகளுட் பெரும்பகுதி தமிழ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1918இல் தென்னிந்திய வரலாற்றின் தொடக்கத்தை ஆராய்ந்தபோது, மாமூலனார் பாடல்களில் வரும் மோரியர் பற்றிய குறிப்பு அவர்க்கு முதன்மைச் சான்றாயிற்று. அக்குறிப்பின் பொருளைத் தெளிவதற்குப் பாடவேறுபாடும் உரைமரபும் அறிந்தவர் வேண்டும். அவ்வாறே, மெய்க்கீர்த்தியை இலக்கியமாக ஆராயும் தமிழ் மாணவர், அதனைத் தொடர்ந்து அதே கல்வெட்டில் வரும் நிலவிற்பனைச் செய்தியைப் படிக்கக் கற்றிருத்தல் வேண்டும்.

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளில் இத்தேவை இன்னும் மிகுதி. அண்டையிலுள்ள வரலாற்றுத்துறையில் தென்னிந்தியாவை ஆராயும் மாணவர் பலர் தமிழ் மூலங்களை மொழிபெயர்ப்பின்வழியே அணுகுகின்றனர். நம் மாணவரோ அத்துறையின் கருத்தரங்குகளுக்குச் செல்வது அரிது. ஆய்வேட்டினை அளிக்குமுன் ஆசிரியர்க்கும் ஆய்வு மாணவர்க்கும் பொதுவான அவையில் எடுத்துரைக்க வேண்டும் என்னும் விதியைப் பல்கலைக்கழக மானியக்குழு 2009ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் 2022ஆம் ஆண்டு நெறிமுறைகளிலும் வகுத்துள்ளது. விதி உள்ளது, வினவுவோர் இல்லாத அவையில் அது கையொப்பம் பெறும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடுகிறது. அந்நாளில் வரலாற்றுத்துறையினர் இருவரையேனும் அழைத்து அமர்த்துவதற்கும், அவர்தம் அவையில் நாம் சென்று அமர்வதற்கும் தனி நிதியோ ஆணையோ தேவையில்லை.

முடிவுரை

சென்னை வரலாற்றுத்துறை உருவாக்கிய ஆய்வேடுகளின் முடிவுகளுட் சில இன்று திருத்தம் பெற்றுள்ளன. அது குறையன்று; கேட்பார்முன் வைக்கப்பட்டமையால் விளைந்த பயன். மறுக்கப்படும் வாய்ப்பைப் பெறாத ஆய்வேடு நிலைபெறும் வாய்ப்பையும் பெறுவதில்லை. தமிழாய்விற்கும் இது பொருந்தும்.