அரளியும் பூதான்

போன ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுப் பூனை சீனு சாகக் கிடந்தது. காரணம் நான்தான்.

வீடு முழுக்கத் தெள்ளுப்பூச்சி. தரையில் உட்கார்ந்தால் கணுக்காலில் வரிசையாக மூன்று தடிப்பு. நாயின் கழுத்தில் விடும் சொட்டுமருந்து ஒன்றை வாங்கிவந்தேன். பூனைக்கும் விடலாமா என்று கடையிலேயே கேட்டேன். "பூவுலேர்ந்து எடுக்கிறதுதாம்மா, நேச்சுரல். ஒண்ணும் பண்ணாது" என்றார் கடைக்காரர். சாயங்காலம் விட்டேன். ராத்திரி சீனுவின் காது துடித்தது, பிறகு முகம், பிறகு உடம்பு மொத்தமும் வெட்டி வெட்டி இழுத்தது.

கால்நடை மருத்துவர் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு அதைக் குளிப்பாட்டினார். ஊசி போட்டபடியே கேட்டார்: "நாய் மருந்தையா பூனைக்குப் போட்டீங்க?"

"பூவுலேர்ந்து எடுத்ததுன்னு சொன்னாங்க டாக்டர்."

"அரளியும் பூதாம்மா."

இரண்டு நாள் கழித்து சீனு எழுந்து பால் குடித்தது. அதன்பிறகுதான் அந்தப் பூ எது என்று தேட ஆரம்பித்தேன்.

அது சாமந்திக் குடும்பத்துப் பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் குமிழ். அட்ரியாட்டிக் கடலோரம், இன்றைய குரோவேஷியாவில் இருக்கும் டால்மேஷியாவின் பாறைச் சரிவுகளில் தானாக முளைப்பது. காய்ந்த பூவை இடித்துப் படுக்கையில் தூவினால் பூச்சிகள் கால் உதறிக்கொண்டு மல்லாந்துவிடும். பைரித்ரம் என்பது இந்தப் பொடிதான். இதன் சிவப்பு நிறச் சொந்தம் ஒன்று காகசஸ் மலைப்பக்கம் உண்டு. அதன் பொடி 'பாரசீகப் பொடி' என்ற பெயரில் ஐரோப்பாவுக்கு வந்தது.

அதை வைத்துப் பெரும் பணம் பார்த்தவர் யோகான் சாக்கெர்ல். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் திபிலிசியில் இந்தப் பொடியைக் கண்டு, வியன்னாவுக்குக் கொண்டுவந்து 'சாக்கெர்லின்' என்று விற்றார். 1888க்கும் 1892க்கும் இடையில் அவர் குடும்பம் கட்டிய தொழிற்சாலை பார்ப்பதற்கு மசூதி மாதிரியே இருக்கும். கிழக்கிலிருந்து வந்த பொடி என்பதற்கு அந்தக் கட்டடமே விளம்பரம். இன்றும் நிற்கிறது. 'இயற்கை' என்று நம்மிடம் விற்கிறார்கள். அன்று 'கிழக்கு' என்று விற்றார்கள்.

ஜப்பானில் உவேயாமா எயிச்சிரோ இதே பூவின் விதையைப் பயிரிட்டு, 1890இல் பொடியை ஊதுபத்தியாக உருட்டினார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. சுருளாகச் சுற்றினால் ராத்திரி முழுக்க நிற்குமே என்று யோசனை சொன்னவர் அவர் மனைவி யூகி. நம் கட்டிலுக்கடியில் புகையும் கொசுவத்திச் சுருளின் பூர்வீகம் அதுதான்.

பொடிக்குள் கொல்வது எது? சூரிச்சில் ஸ்டாடிங்கரும் ருஷிச்காவும் பல வருடம் மெனக்கெட்டு, பைரித்ரின் என்ற பொருள்களின் அமைப்பை 1924இல் வெளியிட்டார்கள். இருவரும் பிற்பாடு வேறு வேலைகளுக்காக நோபல் பரிசு வாங்கினார்கள். பைரித்ரின் பூச்சியின் நரம்பில் திறந்த கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு ஓயாமல் துடித்துப் பூச்சி விழுகிறது. ஆனால் விழுந்த பூச்சி சில சமயம் எழுந்துவிடும், அதன் உடம்பு விஷத்தை உடைத்துவிடுவதால். 1940வாக்கில் அதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள்: நல்லெண்ணெய்! அதிலுள்ள பொருள் அந்த உடைக்கும் வேலையைத் தடுக்கிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் கையில் இருந்த பூச்சிமருந்து டப்பாவில் பைரித்ரமும் நல்லெண்ணெயும் சேர்ந்தே இருந்தன.

பூவுக்கு ஒரு 'குறை' இருந்தது. வெயில் பட்டால் அதன் விஷம் சில மணி நேரத்தில் சிதைந்துபோகும். வயலில் தெளித்தால் நிற்காது. வீட்டுக்கு அதுவே பாதுகாப்பு, வியாபாரத்துக்கு நஷ்டம். 1973இல் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் மைக்கேல் எலியட்டின் குழு அந்தக் குறையைச் சரிசெய்தது. வெயிலைத் தாங்கும் பெர்மெத்ரின் பிறந்தது.

சீனு மேல் நான் விட்டது பெர்மெத்ரின். கடைக்காரர் சொன்னது முழுப்பொய் இல்லை. அவர் சொன்னது தாத்தாவின் கதை. பாட்டிலுக்குள் இருந்தது ஆய்வகத்தில் பிறந்த பேரன். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த வேலை சரியாக வராது. பூச்சிக்கு நடந்ததுதான் சீனுவுக்கும் நடந்தது. அதற்காகத் தாத்தா சாது என்றும் சொல்ல முடியாது. பூப்பொடியோடு புழங்கியவர்களுக்குத் தோல் அரிப்பும் தும்மலும் வந்திருக்கின்றன. இயற்கை என்று பூனை மேல் தடவப்படும் டீ ட்ரீ எண்ணெயும் அதற்கு விஷமே.

அப்போ தெள்ளுக்கு என்னதான் வழி? 1390களில் பாரிஸ்காரர் ஒருவர் தன் பதினைந்து வயது மனைவிக்காக எழுதிய குடும்ப நடைமுறை நூலில் இதற்கும் பதில் இருக்கிறது. ரொட்டித் துண்டில் பிசின் தடவி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி அறையில் வை என்கிறார். துணிமணிகளை இறுக்கமாகப் பெட்டிக்குள் அடைத்து வை என்கிறார். விளக்கு வெளிச்சத்துக்குத் தெள்ளு துள்ளி வந்து பிசினில் ஒட்டிக்கொள்ளும். இன்று கடையில் விற்கும் தெள்ளுப்பொறியும் இதே விளக்கும் பசையும்தான்.

அந்த மனிதர் சண்டையை அறையில் போடுகிறார், அதுதான் எனக்குப் பிடித்தது. நாம் பிராணியின் மேல் போடுகிறோம். தெள்ளு ரோமத்துக்குள் இடும் முட்டை நிற்காது, உதிர்ந்து தரைக்கு வந்துவிடும். புழு வெளிச்சத்துக்குப் பயந்து பாய்க்கடியிலும் தரைவிரிசலிலும் ஒளிந்து, பெரிய தெள்ளின் காய்ந்த ரத்தக் கழிவைத் தின்று வளரும். கூட்டுப்புழு தூசியைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் காலடி அதிர்வில் ஒரே நேரத்தில் துள்ளுவது அதனால்தான். நம் கண்ணில் படுவது கொஞ்சம். மிச்சம் தரையில்.

இப்போது எங்கள் வீட்டில் தினமும் மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, குப்பையை உடனே வெளியே கொட்டுகிறோம். சீனு படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி நல்ல வெயிலில் போடுகிறோம். ஈரம் போனால் புழு பிழைக்காது. மெல்லிய பல் சீப்பால் அதன் முதுகை வாரி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் முக்குகிறேன். மருந்து தேவைப்பட்டால் பூனைக்கென்றே எழுதியிருப்பதை மருத்துவரைக் கேட்டுத்தான். ராத்திரி தட்டில் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. காலையில் எண்ணிப் பார்ப்பேன். முதல் வாரம் இருபது, முப்பது. இன்று காலை ஒன்று.

சீனு அந்தத் தட்டைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறது. என்னையும்.