சுறாவுக்கு வாய்ப்பூட்டு

முத்துச் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு நாள். கடலுக்குள் இறங்கிய குளியாள் ஒருவரின் காலைச் சுறா பறித்துக்கொண்டு போய்விட்டது. உடனே எல்லாரும் கடல்கட்டியைத் தேடிப் போனார்கள். சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்றே கரையில் இருப்பவர் அவர். நீர் இருந்தும் இது எப்படி நடந்தது என்று கேட்டார்கள்.

அவர் தடுமாறவில்லை. தன்மேல் பழைய வன்மம் வைத்திருந்த சூனியக்காரக் கிழவி ஒருத்தி மலபார்க் கரையிலிருந்து வந்து எதிர்மந்திரம் போட்டுவிட்டாளாம். விஷயம் தன் காதுக்கு வருவதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது என்றார். இனி இந்தப் பருவம் முடியும்வரை ஒரு சுறாவும் வாயைத் திறக்காது என்று உறுதியும் கொடுத்தார். சொன்னபடியே அந்த வருஷம் வேறு யாருக்கும் சுறாவால் சேதம் வரவில்லை. ஆங்கிலேயப் படை அதிகாரி ராபர்ட் பெர்சிவல் 1803-இல் வெளியிட்ட இலங்கை நூலில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

அப்போது மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே தொழிற்களம். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் இந்தப் பக்கத்தில் முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டுகளான பார்களிலும் குளிப்பார்கள். எதிர்க்கரையில் அரிப்பு, கொண்டச்சி சலாபங்களுக்கும் தோணியேறிப் போவார்கள். எங்கே போனாலும் கடல்கட்டி வேண்டும். கடல்கட்டிகளைக் குறிக்கப் பெர்சிவல் எழுதிய சொல்லை ‘பில்லால் கர்ராஸ்’ என்று படிக்க வேண்டியிருக்கிறது. அது நம் ‘பில்லிக்காரர்’ என்ற சொல்தான் என்று என் காதுக்குப் படுகிறது. விடிந்ததிலிருந்து தோணிகள் கரை திரும்பும்வரை இவர்கள் மணலில் நின்று, உடம்பை முறுக்கி முறுக்கி மந்திரம் ஓதுவார்கள். அதுவரை அன்னம் தண்ணீர் ஆகாது என்பது விதி. ஆனால் சில நாட்களில் கள் மட்டும் விதிவிலக்காகி, நிற்கவே முடியாமல் போகும்வரை உள்ளே இறங்கியதையும் பெர்சிவல் குறித்திருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் பழைய ஆங்கிலக் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது. கடல்கட்டி ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எதிரே பித்தளைத் தாம்பாளம் நிறையத் தண்ணீர். அதற்குள் வெள்ளியில் செய்த இரண்டு மீன்கள், ஒன்று ஆண், ஒன்று பெண். கடலில் யாரையாவது சுறா தீண்டினால் இங்கே ஒரு வெள்ளி மீன் மற்றதைக் கடிக்குமாம்.

இந்த வேலை ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்தது. குளியாட்கள் இவர் இல்லாமல் இறங்க மறுத்ததால் ஆங்கில அரசே கூலி கொடுத்து வைத்துக்கொண்டது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் காலனியச் செயலராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் அரிப்புக்குப் போன சமயம், கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை. பதிலுக்கு ஓர் ஆளை அனுப்பியிருந்தார். மந்திரம் தெரியுமா என்று விசாரித்தால், அந்த ரகசியம் தனக்குத் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனாலும் பெரியவர் அனுப்பிய ஆள் என்பதால் சுறாக்கள் தனக்கும் மரியாதை கொடுக்கும் என்றார்!

அந்தப் பெரியவர் கத்தோலிக்கர். இங்கேதான் நான் வியந்து நிற்கிறேன். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியபோது மீன்களைக் கட்டியவர்கள் பிராமணர்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போனது. 1530-களில் பரதவர் திரளாக ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் மறைபரப்பச் சவேரியார் வந்தார். போர்த்துக்கீசியர் போய் டச்சுக்காரர், அவர்களும் போய் ஆங்கிலேயர். கோயிலும் கொடியும் மாறிக்கொண்டே இருந்தும் கடல்கட்டியின் இடம் அப்படியே இருந்தது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். தோணியின் விளிம்பில் நிற்கும் குளியாளைப் பாருங்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால்வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து பாகம் ஆழத்துக்குப் போகிறார். கையில் இருப்பது ஒரு நிமிஷ மூச்சு. அதற்குள் தரையைத் துழாவிச் சிப்பியைப் பையில் சேர்க்க வேண்டும். கண் முழுக்கத் தரையில். முதுகுக்குப் பின்னால் எது வருகிறது என்று திரும்பிப் பார்க்க அவகாசம் கிடையாது. அந்த முதுகுக்குத்தான் ஒரு காவல் தேவைப்பட்டது. நூற்றுக்கணக்கான தோணிகளின் இரைச்சலுக்கே சுறாக்கள் விலகிப் போயிருக்கும் என்று அறிவு சொல்கிறது. இருக்கட்டும். ஒரு நாளில் பல தடவை அந்த இருட்டுக்குள் குதித்தவர்களின் நம்பிக்கையை மூடத்தனம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது.

மார்க்கோ போலோ இன்னொன்றும் சொல்கிறார். மந்திரக்கட்டு பகலுக்கு மட்டும்தான். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம். இரவெல்லாம் மீன்கள் தம் இஷ்டம்போல் திரியலாம். ஏன் அவிழ்க்க வேண்டும் என்று நெடுநாள் யோசித்தேன். எனக்குப் பட்டது இதுதான்: பல மைல் பரந்து கிடக்கும் பார், கரையிலிருந்து கண்ணுக்கு எட்டாத தூரம், கீழே கோடி கோடியாகச் சிப்பிகள். நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாக ஒரு தோணியைத் தள்ள எத்தனை பேருக்கு ஆசை வந்திருக்கும்! காவல் படகு ஒன்றுகூட வேண்டியிருந்திருக்காது. அவிழ்த்துவிட்ட சுறாக்கள் விடியும்வரை பாரைச் சுற்றிக்கொண்டிருந்தன.