கீற்றும் ஓடும் காரையும்

தமிழகக் கிராமங்களில் வீடு தீப்பிடித்தது என்றால், அண்மைக் காலம் வரை, கூரை தீப்பிடித்தது என்றே பொருள். சுவர் மண், தரை சாணம் மெழுகியது. எரியக்கூடியது எல்லாம் தலைக்கு மேலேதான் இருந்தது. அதனால் இங்கே தீயிலிருந்து குடும்பத்தைக் காத்த வரலாறு பெரும்பாலும் கூரையின் வரலாறு. எந்தக் கூரை யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதும் அதற்குள் அடக்கம்.

வேட்டுவரான எயினரின் குடிசைகளை ஈந்தின் இலை வேய்ந்தவையாகச் சங்க நூலான பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகள், அந்தந்த மண்ணில் விளைந்ததே அந்தந்த ஊரின் கூரையானது. காவிரிப் படுகையில் தென்னங்கீற்று, தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பனையோலை, கரும்பு விளையும் ஊர்களில் சோகை, வேறு இடங்களில் விழல். தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிளந்து, முடைந்து, மூங்கில் வரிச்சில் கயிற்றால் கட்டுவார்கள். ஓரிரு ஆண்டில் கீற்று மக்கிவிடும். முழுக் கூரையையும் பிரித்து மேய வசதியில்லாத வீட்டில் பழையதன் மேலேயே புதியது ஏறும். இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்த ஓலை பங்குனி, சித்திரை வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். கூரையின் உட்புறத்தில் ஒரு பொறி பற்றினால், வெளியே புகை தெரிவதற்குள் தீ மோட்டுவளைவரை ஏறிவிடும். கட்டுக்கயிறு கருகி அறும். கீற்று எரிந்துகொண்டே வீட்டுக்குள் விழும். வெளியேற இருப்பது ஒரே வாசல், அதுவும் குனிந்து நுழையும் வாசல். குடிசைத் தீயில் உயிர் போவது இந்தச் சில நிமிடங்களில்தான்.

இந்த ஆபத்தோடு வாழ்ந்தவர்கள் அதற்கேற்ற ஒழுங்குகளையும் வைத்திருந்தார்கள். விளக்குக்குச் சுவரில் மாடக்குழி இருந்தது, மூங்கிலில் தொங்கவிடமாட்டார்கள். சமையல் முடிந்ததும் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்துக் கரியாக்குவார்கள். கோடையில் அடுப்பு வாசலுக்கோ கொல்லைக்கோ போகும். வைக்கோற்போர் வீட்டைவிட்டுத் தள்ளியே போடப்படும். நெல் மண்குதிருக்குள் இருக்கும். வசதியான வீடுகளில் சமையலறை பின்கட்டில், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. கார்த்திகைச் சொக்கப்பனை கோயில் முன் வெட்டவெளியில்தான் எரியும். தீபாவளிக்கு வாணம் விடும் பழக்கம் பரவிய பிறகு, அன்று கூரையில் தண்ணீர் ஊற்றி நனைத்துவைப்பதும் இந்த ஒழுங்குகளோடு சேர்ந்துகொண்டது.

தீப்பெட்டி மலிவாகக் கிடைக்காத காலத்தில் நெருப்பே ஒரு கைமாற்றுப் பொருள். காலையில் எந்த வீட்டில் முதலில் புகை எழுகிறதோ அந்த வீட்டிலிருந்து கங்கை ஒரு கொட்டாங்கச்சியில் எடுத்துக்கொண்டோ, வரட்டித் துண்டில் பற்றவைத்துக்கொண்டோ அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். போகும் வழி முழுக்கத் தாழ்ந்த எரவாணங்கள். காற்று வீசினால் பொறி பறக்கும். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றியதைப் பொதுவாக வேலைவாய்ப்பின் கதையாகவே சொல்கிறார்கள். கங்கை ஏந்திக்கொண்டு கூரைகளுக்கு அடியில் நடக்கும் தேவை ஒழிந்ததும் அந்தக் கதையின் ஒரு பகுதி.

கூரை பற்றிக்கொண்ட பிறகு அந்த வீட்டைக் காப்பாற்ற யாரும் பெரிதாக முயல்வதில்லை. ஆளையும் தொட்டிலையும் வெளியே கொண்டுவந்து, மாட்டை அவிழ்த்துவிடுவதோடு அது முடிந்தது. உழைப்பு முழுவதும் பக்கத்து வீட்டுக்குத்தான். ஈரச்சாக்கோடு சிலர் கூரைமேல் ஏறிக்கொள்ள, மற்றவர்கள் கிணற்றடியிலிருந்து குடங்களைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். அதுவும் போதாதபோது காற்று வீசும் திசையில் உள்ள குடிசையின் கயிறுகளை அரிவாளால் அறுத்து, தீ வருமுன்னே கூரையைப் பிரித்துக் கீழே தள்ளுவார்கள். ஒரு குடும்பத்தின் வீட்டைக் கலைத்துத் தெருவைக் காக்கும் இந்த முடிவைச் சில கணங்களில் எடுக்க வேண்டியிருந்தது.

எரியாத கூரை ஊருக்குத் தெரியாததல்ல. அக்கிரகாரங்களிலும் பெரிய வீடுகளிலும் நாட்டு ஓடு இருந்தது. சென்னையில் தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்ட மெட்ராஸ் டெரஸ் இருந்தது. ஆனால் ஓடு வேய்வது பணத்தை மட்டும் பொறுத்ததாக இல்லை. மலபாரிலும் திருவிதாங்கூரிலும் அது சாதியோடும் பதவியோடும் ஒட்டிய உரிமை. ஒடுக்கப்பட்ட சாதியார் ஓட்டு வீட்டில் வாழத் தடை இருந்தது. எரியாத கூரையின் கீழ் தூங்குவதையே ஒரு சலுகையாக்கிய இந்தக் கொடுமை, தீயின் வரலாற்றில் தனியாகக் குறிக்கப்பட வேண்டியது. 1865இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை, ஓட்டை அச்சில் வார்க்கும் சரக்காக்கியது. மங்களூர் ஓடு தமிழ்நாட்டு ஊர்களுக்கும் பரவியது. என்றாலும் அதற்கு மரச்சட்டமும் ரீப்பரும் வேண்டும். குடிசையின் மூங்கிலில் அதை அடுக்க முடியாது. கூலிக்காரர் வீட்டில் கீற்றே நீடித்தது.

சென்னையில் 1908இல் தீயணைப்புப் படை அமைந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், புல், ஓலை, பாய் போன்றவற்றால் வெளிக்கூரையும் சுவரும் அமைக்க அனுமதி பெற வேண்டும் என்றன. சட்டத்தின் நோக்கம் சரிதான். ஆனால் ஓலையை விடு என்று சொன்ன சட்டம் ஓட்டுக்கு வழி சொல்லவில்லை. கூவம் கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டவர்கள் அனுமதி கேட்கும் நிலையிலும் இல்லை. குடிசைகள் ஒன்றோடொன்று எரவாணம் உரச நெருங்கி நின்ற இடங்களில் ஓர் அடுப்பின் பொறி ஒரு பகுதியையே சாம்பலாக்கியது. 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தபோதுதான் கூரையை மாற்றுவது அரசின் பொறுப்பானது.

அதற்கு ஈராண்டு முன்பு, 1968 டிசம்பர் 25 இரவில், அன்றைய கீழத் தஞ்சையின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசையில் வைத்து எரிக்கப்பட்டனர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தாக்க வந்தவர்களிடமிருந்து தப்பி அவர்கள் ஒளிந்த இடம் அது. சேரியின் கூரை கீற்றாகவே இருந்தது, சேரியை அழிக்க நினைத்தவர்களுக்கு வசதியாகிப்போனது.

வீட்டுக்கு வெளியிலும் கீற்று தொடர்ந்து உயிர் வாங்கியது. 1997 ஜூனில் தஞ்சைப் பெரிய கோயில் யாகசாலைப் பந்தலிலும், 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் பந்தலிலும் பற்றிய தீயில் ஒவ்வொன்றிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடக் கூரையில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்கு ஏறியது. 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்ற அரசு ஆணையிட்டது. பள்ளிகளின் தீப்பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றம் 2009இல் நாடு முழுமைக்கும் அளித்த உத்தரவுகளுக்கும் இந்தத் தீயே காரணம்.

இதற்கிடையே வீட்டுக்குள் நெருப்பு இடம் மாறிக்கொண்டிருந்தது. விறகடுப்போடு சீமெண்ணெய்ப் பம்ப் ஸ்டவ்வும் திரி ஸ்டவ்வும் சேர்ந்தன, பிறகு 14.2 கிலோ எரிவாயு உருளை வந்தது. காற்றைவிடக் கனமான அந்த வாயு கசிந்தால் தரையோடு தங்கும். தானாக வாசனையற்றது என்பதால் நாற்றத்துக்கென்றே ஒரு பொருளைக் கலக்கிறார்கள். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறப்பது இன்று வீடுதோறும் தெரிந்த பாடம். ஆனால் ஓலைக் கூரையின் கீழ் உருளை வந்து சேர்ந்தபோது ஆபத்து இரட்டிப்பானது. குடிசை எரிகையில் உருளை வெடித்து, தீ தெரு முழுவதும் பரவியது.

2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் ஆறு ஆண்டுகளில் 21 லட்சம் குடிசைகளைக் காங்கிரீட் வீடுகளாக்க முனைந்தது. ஆட்சி மாறியதும் 2011இல் அதன் இடத்துக்குப் பசுமை வீடு திட்டம் வந்தது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030க்குள் 8 லட்சம் வீடுகளை இலக்காகக் கொண்டுள்ளது. அதன்படி வீட்டின் பரப்பு 360 சதுர அடி. 300 சதுர அடிக்குக் காங்கிரீட் தளம் போட வேண்டும். மீதி 60 சதுர அடியின் கூரையைக் குடும்பம் தன் விருப்பப்படி வேய்ந்துகொள்ளலாம். அதுவும் தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும், ஓலையாக இருக்கக்கூடாது.